அண்டை நாட்டுப் பள்ளிகளும் நம் வீட்டு ரசீதும்

மாதச் சம்பளம் கைக்கு வந்ததும் வாடகைக்கு இவ்வளவு, மளிகைக்கு இவ்வளவு, ஊரிலுள்ள பெற்றோருக்கு இவ்வளவு என்று பகுத்து வைப்பது, பிழைப்பை நாடி வெளி மாநிலங்களுக்கு வந்த நம் போன்ற குடும்பங்களில் நெடுநாளாக நடந்துவரும் வழக்கம். முன்னாளில் இந்தப் பகுப்பில் பள்ளிக்கூடச் செலவு கடைசியில் நின்றது. சிலேட்டுக்கும் புத்தகத்துக்குமாகச் சில ரூபாய்களை ஒதுக்கினால் போதும். இன்றோ அது வரிசையின் முன்னால் வந்து நிற்கிறது. வாடகையைக் கூடப் பத்து நாள் தள்ளிக் கொடுக்கலாம். பிள்ளையின் கட்டணத்தைத் தள்ளினால் பிள்ளை வகுப்பில் தலை குனிந்து நிற்க நேரும். ஆதலால், தனியார் பள்ளிகளை அரசாங்கம் எவ்வாறு நெறிப்படுத்துகிறது என்பது படித்தவர்கள் மட்டும் பேசும் பொருளாக இல்லாமல், ஒவ்வொரு குடும்பத்தின் அடுப்பங்கரை வரை வந்துவிட்ட பொருளாகிவிட்டது.

இதைப் பற்றி எழுத எனக்குள்ள தகுதி யாது என்று அன்பர்கள் கேட்கலாம். நான் கல்வியறிஞன் அல்லன். பத்தாம் வகுப்புத் தேறி, ரயில்வே தேர்வெழுதி, வடகிழக்கு எல்லைப்புற ரயில்வேயில் டிக்கெட் கொடுக்கும் குமாஸ்தாவாகப் பதினைந்து ஆண்டுகளாகப் பணியாற்றி வருபவன். எனக்கு இரு பிள்ளைகள்; இருவரும் தனியார் பள்ளியில் படிக்கின்றனர். ஆயினும், நான் அமர்ந்திருக்கும் இடம் எனக்கு ஒரு வாய்ப்பைத் தந்திருக்கிறது. நியூ ஜல்பாய்குரி என்னும் இந்நிலையத்திலிருந்து மேற்கே ஒரு மணி நேரம் பேருந்தில் சென்றால் மேச்சி ஆறு வரும். பாலத்தைக் கடந்தால் நேபாளம். சிலிகுரியை ஒட்டிய புல்பாரிக்கு அப்பால் வங்காளதேசம். கிழக்கே சில மணி நேரத்தில் ஜெய்காவ். அங்குள்ள வாயிலைத் தாண்டினால் பூட்டான். டார்ஜிலிங், கலிம்போங், சிலிகுரி ஆகிய இடங்களிலுள்ள விடுதிப் பள்ளிகளுக்கு அந்நாடுகளிலிருந்து பிள்ளைகள் வந்து படிக்கின்றனர். விடுமுறை தொடங்கும்போதும் முடியும்போதும் டிரங்குப் பெட்டிகளும் படுக்கை மூட்டைகளுமாக அக்குடும்பங்கள் என் சாளரத்தின் முன் வந்து நிற்கும். வரிசை குறைந்த வேளைகளில் அவர்களோடு பேசிக் கேட்டதும், பத்திரிகைகளில் படித்துக் குறித்து வைத்ததும் சேர்ந்தவையே இக்கட்டுரை.

"நம் நாட்டில் மட்டுந்தான் இந்தக் கொள்ளை, பக்கத்து நாடுகளில் அரசாங்கம் கண்டிப்பாக இருக்கிறது" என்று நம்மவர் சிலர் சொல்வதுண்டு. "அரசாங்கம் பள்ளிகளில் கை வைத்தால் எல்லாம் கெட்டுவிடும்" என்று சொல்வோரும் உண்டு. இவ்விரண்டில் எது உண்மை என்று அறிய வேண்டுமாயின், அண்டை நாடுகள் உண்மையில் என்னென்ன செய்தன என்று வரிசையாகப் பார்ப்பதே முறை.

முதலாவதாக, தனியார் பள்ளிகளை அரசாங்கமே எடுத்துக்கொண்ட வரலாறு. இதில் நமக்கு நெருங்கியது இலங்கை. 1945-இல் கல்வியமைச்சர் கன்னங்கராவின் முயற்சியால் அங்கே இலவசக் கல்வி வந்தது. அதற்குப் பின்னரும் மிஷன்களும் சமயச் சங்கங்களும் அரசின் நன்கொடையைப் பெற்றுப் பள்ளிகளை நடத்தி வந்தன. 1960, 1961 ஆம் ஆண்டுகளில் இயற்றப்பட்ட இரு சட்டங்களால் அவற்றுள் மிகப் பெரும்பாலானவை அரசாங்கத்தின் கைக்குச் சென்றன. யாழ்ப்பாணத்தில் சைவ வித்தியா விருத்திச் சங்கம் ஊர் ஊராக நடத்திய பள்ளிகளும் அவற்றுள் அடங்கும். கத்தோலிக்கப் பெற்றோர் பல இடங்களில் பள்ளிக் கட்டடங்களுக்குள்ளேயே தங்கி மறியல் செய்தனர். சிறு தொகையான பள்ளிகளே அரசு நன்கொடை வேண்டாமென்று கூறித் தனித்து நின்றன. அதோடு, ஐந்து முதல் பதினான்கு வயது வரையுள்ள இலங்கைக் குடிமக்களின் பிள்ளைகளுக்காகப் புதிதாகத் தனியார் பள்ளி தொடங்கக் கூடாது என்றும் 1961-ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது.

இலங்கை ஒன்று மட்டுமன்று. பர்மாவில் 1965-இல் தனியார் பள்ளிகள் தேசவுடைமையாயின. நேபாளத்தில் 1971-ஆம் ஆண்டின் தேசியக் கல்வித் திட்டம் ஊரார் நடத்திய பள்ளிகளை அரசின் கீழ்க் கொணர்ந்தது. பாகிஸ்தானில் 1972-இல் பூட்டோவின் அரசு தனியார் பள்ளிகளையும் கல்லூரிகளையும் ஏற்றுக்கொண்டது. புதிதாகப் பிறந்த வங்காளதேசம் 1973-இல் 36,165 தொடக்கப் பள்ளிகளை அரசுடைமையாக்கிற்று. நாற்பது ஆண்டுகள் கழித்து 2013-இல் மேலும் 26,193 பள்ளிகளை அவ்வாறே ஏற்பதாக அறிவித்தது. நம்மைச் சுற்றியுள்ள நாடுகளில் இத்தனை நாடுகள் ஒரு தலைமுறைக் காலத்துக்குள் ஒரே வழியில் நடந்தன என்பது வியப்புக்குரியதே.

அவற்றின் நோக்கத்தைக் குறை சொல்ல இயலாது. பணமுள்ளவன் பிள்ளைக்கு ஒரு கல்வி, இல்லாதவன் பிள்ளைக்கு ஒரு கல்வி என்ற நிலை மாற வேண்டும் என்பதே அந்நாட்டுத் தலைவர்கள் கூறிய காரணம். இலங்கையில் இன்று எழுதப் படிக்கத் தெரியாதவர் மிகச் சிலர் என்பதற்கு அந்நாட்டின் இலவசக் கல்வி பெருங்காரணம் என்பதை யாரும் மறுக்கமாட்டார்.

நிற்க. வெளியேற்றப்பட்ட தனியார் பள்ளி அதன்பின் என்னவாயிற்று? இலங்கையில் அது வேறொரு வாயில் வழியாகத் திரும்பி வந்தது. கல்விச் சட்டம் புதிய பள்ளியைத் தடுத்ததே யன்றி, கம்பெனிச் சட்டம் தடுக்கவில்லை. ஆகவே வாணிபக் கம்பெனிகளாகப் பதிவு பெற்று, 'சர்வதேசப் பள்ளி' என்னும் பெயரில் ஆங்கிலப் பள்ளிகள் தோன்றின. பெயர் சர்வதேசமாயினும் அவற்றில் படிப்போரில் மிகப் பலர் இலங்கைப் பிள்ளைகளே. பாகிஸ்தானில் 1979-ஆம் ஆண்டுக் கல்விக் கொள்கை தனியாருக்கு மீண்டும் கதவைத் திறந்தது. நேபாளத்தில் 1980-களில் அனுமதி வந்தது. பர்மாவில் மிகவும் காலந்தாழ்ந்து 2011-இல் தனியார் பள்ளிப் பதிவுச் சட்டம் பிறந்தது. ஆக, கதவைச் சாத்திய நாடுகளில் சில பின்னர்த் தாமே திறந்தன. சாத்தியபடியே வைத்த இலங்கையில் மக்கள் பக்கத்துச் சுவரில் வாயில் கண்டனர்.

மக்கள் ஏன் அவ்வாறு வழி தேடுகின்றனர் என்பதற்கு ஒரு நேபாளத்துத் தந்தை எனக்குச் சொன்ன விடை நினைவில் நிற்கிறது. அவர் மேச்சி ஆற்றின் அக்கரையிலுள்ள காகர்பிட்டாவில் சிறு கடை வைத்திருப்பவர். அந்த ஊருக்கு நான் சென்றிருக்கிறேன். தெருவுக்குத் தெரு 'போர்டிங் ஸ்கூல்' என்ற பலகையைக் காணலாம். விடுதி இல்லாவிட்டாலும் ஆங்கில வழித் தனியார் பள்ளியை அங்கே அப்பெயரால்தான் வழங்குகின்றனர். "அரசுப் பள்ளி இலவசமாயிற்றே, ஏன் பணம் கொடுத்துப் படிக்க வைக்கிறீர்கள்?" என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, "அங்கே ஆசிரியர் வந்தாரா என்று கேட்க எனக்கு வாய் இல்லை. இங்கே மாதம் பிறந்தால் பணம் கட்டுகிறேன்; ஆகவே கேட்க வாய் இருக்கிறது" என்றார். கல்வியில் ஆங்கிலம் வேண்டும் என்பது ஒரு பாதி. கேட்டால் பதில் சொல்ல ஆள் வேண்டும் என்பது மறுபாதி. இரண்டாவது பாதியை அரசுப் பள்ளி கொடுக்காதவரை, எந்தச் சட்டமும் தந்தையரைத் தடுத்து நிறுத்தாது என்றே எனக்குத் தோன்றுகிறது.

இரண்டாவது முறை, பள்ளியைத் தனியாரிடமே விட்டு, சம்பளத்தை அரசாங்கம் கொடுப்பது. வங்காளதேசத்தின் உயர்நிலைப் பள்ளிகளில் மிகப் பெரும்பாலானவை பெயரளவில் தனியார் பள்ளிகளே. ஆனால் தகுதி பெற்ற பள்ளிகளின் ஆசிரியர்களுக்கு 'மாதச் சம்பள ஆணை' என்னும் ஏற்பாட்டின்படி அரசாங்கமே அடிப்படைச் சம்பளம் வழங்குகிறது. சம்பளம் கொடுப்பவர் தகுதியையும் கேட்பாரன்றோ? 2005-இல் அரசுசாரா ஆசிரியர்களுக்குத் தேர்வு வைத்துச் சான்றளிக்கத் தனி அமைப்பொன்றை நிறுவினர். நிர்வாகக் குழு தனக்கு வேண்டியவரை ஆசிரியராக்கிக் கொள்ளும் வழக்கத்துக்கு அது ஒரு கடிவாளம். நம் நாட்டின் உதவிபெறும் பள்ளிகளை அறிந்தவர்களுக்கு இம்முறை புதிதாகத் தோன்றாது.

பூட்டானின் வழி சற்று வேறானது. அங்கே பத்தாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியே எங்கும் பரவியிருக்கிறது. முன்னர், பத்தாம் வகுப்பில் குறிப்பிட்ட மதிப்பெண் வரம்பை எட்டாதவர்கள் பதினோராம் வகுப்பை அரசுப் பள்ளியில் தொடர இயலாது; தனியார் பள்ளிக்குப் பணம் கட்ட வேண்டும், அல்லது படிப்பை நிறுத்த வேண்டும். 2019-இல் லோதே ஷெரிங் அவர்களின் அரசு அந்த வரம்பை நீக்கியது. அரசுப் பள்ளிகளில் இடம் போதாதாகையால், அத்தகைய மாணவர்களைத் தனியார் மேனிலைப் பள்ளிகளில் சேர்த்துச் செலவை அரசே ஏற்றது. தனியார் பள்ளியைப் பகைவனாகவும் கருதாமல், கண்டபடி போகவும் விடாமல், இடத்துக்கு விலை பேசி வாங்கிக் கொண்டது அந்த அரசு. சிறு நாடாகையால் அது இயன்றது என்றும் சொல்லலாம்.

மூன்றாவது முறை கட்டணத்துக்கு வரம்பு கட்டுவது. இதில் பாகிஸ்தானின் அனுபவம் அறியத்தக்கது. பஞ்சாப், சிந்து ஆகிய மாகாணங்களின் சட்டவிதிகள் ஆண்டுக்கு ஐந்து விழுக்காட்டுக்கு மேல் கட்டணத்தை உயர்த்தலாகாது என்று கூறின. பெரிய பள்ளிகள் அதை எதிர்த்து வழக்காடின. 2018 டிசம்பரில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், மாதம் 5,000 ரூபாய்க்கு மேல் வாங்கும் பள்ளிகள் கட்டணத்தில் 20 விழுக்காட்டைக் குறைக்குமாறு இடைக்கால ஆணை பிறப்பித்தது. 2019 ஜூனில் ஐந்து விழுக்காடு வரம்பு செல்லும் என்று தீர்ப்பளித்தது. இஸ்லாமாபாத் நகரத்துக்கெனத் தனியார் கல்வி நிலையங்களைக் கண்காணிக்கும் ஆணையமும் சட்டப்படி இயங்குகிறது. வங்காளதேசத்தில் ஆங்கிலப் பள்ளிகள், ஏற்கெனவே படித்துக்கொண்டிருக்கும் பிள்ளை அடுத்த வகுப்புக்குப் போகும்போது மீண்டும் சேர்க்கைப் பணம் வாங்குவது முறையன்று என்று 2017 மே மாதத்தில் உயர் நீதிமன்றம் கூறிற்று. இந்தச் செய்தியை அன்பர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். பின்னர் இதற்கு வருவேன்.

சீனாவின் கண்டிப்பு எல்லாவற்றையும் விஞ்சியது. 2016-இல் திருத்தப்பட்ட சட்டத்தின்படி, முதல் ஒன்பது வகுப்புகளில் இலாபத்துக்காகப் பள்ளி நடத்தவே கூடாது. 2021 ஜூலையில், பள்ளிப் பாடங்களுக்குத் தனிப்பயிற்சி நடத்தும் கம்பெனிகளும் இலாபம் ஈட்டலாகாது, விடுமுறை நாட்களில் வகுப்பு வைக்கலாகாது என்று ஆணை பிறந்தது. பெரும் பயிற்சிக் கம்பெனிகள் ஒரே கோடையில் சரிந்தன. ஆனால் நல்ல உயர்நிலைப் பள்ளிக்கும் கல்லூரிக்குமான தேர்வுகள் கடுமை குறையாமல் நின்றமையால், வசதி படைத்தோர் வீட்டுக்குள் ஆசிரியரை வரவழைத்துக் கொண்டனர். மறைவாக நடப்பதற்கு விலையும் கூடிற்று. போட்டியைக் குறைக்காமல் கடையை மட்டும் மூடினால் இவ்வாறாவது இயல்பே.

நான்காவது முறை, தனியார் பள்ளியில் ஏழைப் பிள்ளைகளுக்கு இடம் ஒதுக்குவது. இதில் நம் நாடே முன் நிற்கிறது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், உதவி பெறாத தனியார் பள்ளிகளும் தொடக்க வகுப்பில் 25 விழுக்காட்டு இடங்களை நலிந்த பிரிவினருக்கு இலவசமாகத் தர வேண்டும் என்கிறது. 2012 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது. சிறுபான்மையோர் பள்ளிகளுக்கு மட்டும் விலக்கு உண்டு. பாகிஸ்தானின் பஞ்சாப், சிந்து சட்டங்கள் 10 விழுக்காடு என்கின்றன. நேபாளத்தின் 2018-ஆம் ஆண்டுச் சட்டம் மாணவர் தொகைக்கேற்ப 10, 12, 15 விழுக்காடு என்று படிப்படியாக வகுத்திருக்கிறது.

ஆயினும் சட்டத்தில் இடம் இருப்பது வேறு; வகுப்பறையில் இடம் கிடைப்பது வேறு. அந்த இலவச இடங்கள் யாருக்குப் போயின என்று பெற்றோருக்குத் தெரியாது என்பதே நேபாளத்தில் நெடுநாள் முறையீடாக இருந்தது. 2022-இல் மேயரான பாலேந்திர ஷாவின் காலத்தில் காத்மாண்டு மாநகராட்சி, இந்த இடங்களை முறையாகக் கொடுக்கும்படி பள்ளிகளை நெருக்கியது. சட்டம் முன்பே இருந்தது. கேட்க ஒருவர் வந்த பின்னர்தான் அதற்கு உயிர் வந்தது.

இத்தனையையும் ஒருசேரப் பார்க்கும்போது எனக்குத் தோன்றுவது ஒன்றே. ஒரு விதி எவ்வளவு கடுமையானது என்பதைவிட, பள்ளி அலுவலகத்தின் சாளரத்துக்கு முன் நிற்கும் சாதாரணப் பெற்றோர் ஒருவர் அதை எடுத்துச் சொல்லிக் கேட்க முடியுமா என்பதுதான் முதன்மையானது. பள்ளியையே பறித்த சட்டங்கள் மாபெருஞ் சட்டங்கள். எனினும் ஆசிரியர் ஏன் வரவில்லை என்று கேட்கும் உரிமையை அவை தந்தைக்குத் தரவில்லை. மாறாக, "ஐந்து விழுக்காட்டுக்கு மேல் உயர்த்தலாகாது", "மறுசேர்க்கைப் பணம் கூடாது" என்பவை சிறு விதிகள். கணக்குத் தெரிந்த எந்தத் தாயும் ரசீதை வைத்துக்கொண்டு அவற்றைக் கேட்கலாம்.

இதை வெறும் ஏட்டறிவாக நான் சொல்லவில்லை. சென்ற ஆண்டு இக்குறிப்புகளை எழுதிக்கொண்டிருந்த ஒரு மாலையில் என் மனைவி வந்து, "ஊரார் நாட்டுச் சட்டமெல்லாம் எழுதுகிறீர்களே, நம் பாப்பாவின் ரசீதில் என்ன எழுதியிருக்கிறது என்று இதையும் கொஞ்சம் படியுங்கள்" என்று ஒரு தாளை வைத்தாள். என் மகள் மூன்றாம் வகுப்பிலிருந்து நான்காம் வகுப்புக்குப் போயிருந்தாள். மாதக் கட்டணம் 3,400 ரூபாய். அதற்கு மேல், மறுசேர்க்கை என்ற தலைப்பில் 9,000 ரூபாய். ரயில்வே ஊழியருக்குப் பிள்ளை ஒன்றுக்கு மாதம் 2,812 ரூபாய் 50 காசு வீதம் இரு பிள்ளைகள் வரை கல்விப் படி உண்டு. 2024 சனவரிக்கு முன் அது 2,250 ரூபாயாக இருந்தது. படி உயர்ந்ததில் மகிழ்ந்த மனம், அந்த ஒரு தலைப்பைக் கண்டதும் அடங்கிவிட்டது. ஓராண்டில் உயர்ந்த படி முழுவதையும் அதுவே விழுங்கி, மேலும் கேட்டது.

எங்களுக்காவது படி இருந்தது. என் மகளோடு படித்த ஒரு பெண்ணின் தாய் கணவனை இழந்தவர். சந்தைக்கருகே தையற்கடை வைத்திருக்கும் வங்காளி அம்மையார். பணம் கட்டும் வரை புத்தகக் கட்டைக் கொடுக்க இயலாது என்று பள்ளியில் சொல்லிவிட்டனர். பத்து நாட்கள் அந்தப் பெண் என் மகளின் புத்தகத்தைப் பகிர்ந்து படித்தாள். பதினோராம் நாள் வரவில்லை. விசாரித்தபோது, வங்க மொழி வழி அரசினர் பெண்கள் பள்ளியில் சேர்த்துவிட்டதாகத் தாய் கூறினார்.

அதன் பின்னரே பெற்றோர் ஐவர் சேர்ந்து பள்ளித் தலைமையாசிரியரைக் காணச் சென்றோம். எங்களில் ஒருவர் என்ஜின் கொட்டகையில் பணிபுரியும் பீகார்க்காரர். ஒருவர் மருந்துக் கடைக்காரர். குரலை உயர்த்துவதில்லை என்று முன்கூட்டியே பேசி வைத்தோம். கல்வி உரிமைச் சட்டத்தில், பள்ளி அறிவித்த கட்டணத்துக்கு அப்பாற்பட்டு எப்பெயரில் வாங்கும் பணமும் கட்டாய நன்கொடையாகும் என்றும், அதற்குப் பத்து மடங்கு வரை தண்டம் உண்டு என்றும் இருப்பதை நான் எழுதி எடுத்துச் சென்றிருந்தேன். நாங்கள் கேட்டது ஒரே கேள்வி: "மறுசேர்க்கைப் பணம் தாங்கள் அறிவித்த கட்டணப் பட்டியலில் உள்ளதா? பட்டியலைத் தயவுசெய்து காட்டுங்கள்." பட்டியல் வந்தது, அந்தத் தலைப்பு அதில் இல்லை.

தலைமையாசிரியர் சினங்கொள்ளவில்லை. ஆசிரியர் சம்பளம், கட்டட வாடகை, மின்சாரம் என்று தம் கணக்கைச் சொன்னார். அதிலும் உண்மை இருந்தது. நல்ல ஆசிரியரைக் குறைந்த சம்பளத்தில் வைத்திருக்க முடியாது என்பதை நாமும் ஒப்ப வேண்டும். "செலவிருந்தால் அதை மாதக் கட்டணத்தில் வெளிப்படையாகச் சேர்த்து முன்கூட்டியே அறிவியுங்கள், எங்களால் இயலுமா என்று நாங்கள் முடிவு செய்து கொள்கிறோம்" என்றோம்.

கட்டிய பணம் திரும்பவில்லை. ஆனால் இவ்வாண்டு ஏப்ரலில் அந்தத் தலைப்பு ரசீதில் இல்லை. மாதக் கட்டணம் 150 ரூபாய் கூடியிருந்தது. ஆண்டுக்கு 1,800 ரூபாய். ஆகவே எங்களுக்கு எஞ்சிய ஆதாயம் 7,200 ரூபாய். கட்டணப் பட்டியல் இப்போது அலுவலக வாயிலில் ஒட்டப்பட்டிருக்கிறது. தையற்கடை அம்மையாரின் மகள் மட்டும் திரும்பவில்லை. புதிய பள்ளியில் அவள் நன்றாகவே படிக்கிறாள் என்று கேட்டு மகிழ்ந்தேன். எனினும் அவள் தாய் விரும்பி அந்த மாற்றத்தைச் செய்யவில்லை. கேட்கலாம் என்று தெரியாமையால் செய்தார். எங்கள் கேள்வி மூன்று வாரம் முந்தியிருந்தால் முடிவு அவர் கையில் இருந்திருக்கும்.

நம் இதழைப் படிக்கும் குடும்பங்கள் பல மாநிலங்களில் பரவியுள்ளன. கட்டணச் சட்டங்களோ மாநிலத்துக்கு மாநிலம் வேறு. தமிழகத்தில் 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவரைத் தலைவராகக் கொண்ட குழு கட்டணத்தை நிர்ணயிக்கிறது. மகாராஷ்டிரத்தின் 2011-ஆம் ஆண்டுச் சட்டத்தில் பெற்றோர் ஆசிரியர் கழகத்தின் செயற்குழுவுக்குப் பங்குண்டு. இராஜஸ்தான் 2016-லும், குஜராத் 2017-லும், உத்தரப் பிரதேசம் 2018-லும், தில்லி 2025-லும் தத்தமக்கெனச் சட்டம் இயற்றின. மாற்றலாகி ஓரூரிலிருந்து மற்றோரூர் செல்லும் நம்மவர்க்கு, புதிய ஊரின் விதி என்னவென்று சொல்வார் இல்லை. மொழி தெரியாத ஊரில் பள்ளி தேடுகையில், கேட்ட தொகையைக் கொடுத்துவிட்டு இடம் கிடைத்ததே போதும் என்று வந்துவிடுகிறோம். உள்ளூர்க்காரருக்கு இருக்கும் பழக்கமும் உறவும் நமக்கு இல்லாத இடத்தில், விதியை அறிந்திருப்பது ஒன்றே நமக்குத் துணை.

ஆகவே சங்கத்தின் முன் ஒரு வேண்டுகோளை வைக்கிறேன். ஒவ்வோர் ஆண்டும் பிப்ரவரி மாதத்துக்குள், இதழ் படிக்கும் குடும்பங்கள் தத்தம் ஊரில் தம் பிள்ளைகள் படிக்கும் பள்ளி அறிவித்துள்ள கட்டணம், பயிற்று மொழி, இரண்டாம் மொழி, நடு ஆண்டில் மாற்றலாகி வரும் பிள்ளையைச் சேர்த்துக்கொள்வார்களா என்னும் நான்கு செய்திகளை மட்டும் அஞ்சலட்டையிலோ கைப்பேசிச் செய்தியாகவோ எழுதி அனுப்பலாம். யாரையும் குறை கூற வேண்டியதில்லை. பள்ளியே அறிவித்ததை நாம் தொகுக்கிறோம், அவ்வளவே. மார்ச் இதழில் அது ஊர்வாரியாக ஒரு பட்டியலாக வெளிவருமாயின், மாற்றல் உத்தரவைக் கையில் வைத்துக்கொண்டு கலங்கி நிற்கும் குடும்பத்துக்கு அது பேருதவியாகும். அந்தந்த மாநிலச் சட்டத்தை ஐந்தாறு வரிகளில் எழுதித் தரச் சட்டம் பயின்ற அன்பர்கள் நம்மிடையே இல்லாமற் போகார்.

சிலிகுரிக்கும் நியூ ஜல்பாய்குரிக்கும் உரிய நான்கு செய்திகளை, எனக்குத் தெரிந்த மூன்று பள்ளிகளைப் பொறுத்தவரை, இக்கட்டுரையுடன் தனித்தாளில் எழுதி ஆசிரியருக்கு அனுப்பியிருக்கிறேன். அதில் ஒன்று அந்த வங்க மொழி வழி அரசினர் பெண்கள் பள்ளி. அங்கே கட்டணம் இல்லை. நடு ஆண்டிலும் சேர்த்துக்கொள்கின்றனர்.